எங்கோ நடந்த மோசடிக்கு எங்கள் கடைக் கணக்கு ஏன் முடங்கியது?

கேள்வி: ஒரு சிற்றூரில் நானும் கணவரும் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை என் சேமிப்புக் கணக்கோடு இணைந்தது. மூன்று வாரமாக அந்தக் கணக்குக்குப் பணம் வருகிறது, எடுக்கத்தான் முடியவில்லை. உள்ளே 86,400 ரூபாய் நிற்கிறது. வங்கியில் கேட்டால், "வேறு மாநில சைபர் கிரைம் போலீஸ் நிறுத்தச் சொன்னார்கள், எங்கள் கையில் ஒன்றும் இல்லை" என்கிறார்கள். போன மாதம் ஒருவர் வந்து, "அண்ணே, ஏடிஎம்ல பணம் இல்ல, ஜிபே பண்றேன், அஞ்சாயிரம் கையில குடுங்க" என்று கேட்டு, என் கணவர் கொடுத்திருக்கிறார். அதுதான் காரணமா? முந்தாநாள் ஒருவர் போனில், தான் அந்த ஸ்டேஷன் ஆள் என்றும், 15,000 அனுப்பினால் இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். அனுப்பலாமா? எங்களைக் கைது செய்வார்களா?
– பெயர் வேண்டாம், ஆண்டிபட்டி வட்டம், தேனி மாவட்டம்

பதில்:

அந்த 15,000 ரூபாயை அனுப்பாதீர்கள். முடக்கத்தை நீக்க எந்தக் காவல் நிலையமும் யுபிஐ-யில் கட்டணம் வாங்குவதில்லை. கணக்கு முடங்கியவர்களைத் தேடிப் பிடித்து ஏமாற்றுவது இப்போது தனித் தொழில். முகநூலிலோ எக்ஸ் தளத்திலோ வங்கியின் பெயரைப் போட்டு யாராவது புலம்பியிருந்தாலும், கூகுளில் கிடைத்த ஏதோ ஒரு 'கஸ்டமர் கேர்' எண்ணுக்குப் பேசியிருந்தாலும் போதும், இப்படி அழைப்பு வரும். அந்த எண்ணை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் பதிவு செய்துவிடுங்கள்.

அடுத்த வேலை, கடையில் இருக்கும் க்யூஆர் அட்டை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் கணக்குக்கு விழுந்திருப்பது 'டெபிட் ஃப்ரீஸ்'. வரவு வரும், பற்று போகாது. மூன்று வாரமாக வாடிக்கையாளர்கள் கொடுத்த பணமெல்லாம் சாவி இல்லாத உண்டியலில் போய் விழுந்திருக்கிறது. சவுண்ட் பாக்ஸ் பாட்டுக்கு 'பெறப்பட்டது' என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அதற்கு இந்த வில்லங்கம் தெரியாது. உங்கள் கணவர் பெயரில் வேறு வங்கியில் கணக்கு இருந்தால் இன்றே அதற்கு மாற்றுங்கள். வணிகர் செயலியில் வாங்கிய க்யூஆர் என்றால் செயலிக்குள் போய், பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கை மட்டும் மாற்றினால் போதும், அட்டை அப்படியே இருக்கலாம். மாற்றம் நடைமுறைக்கு வரச் சற்று நேரம் பிடிக்கும், அதுவரை அட்டையைத் திருப்பி வையுங்கள். உங்கள் சொந்த போன் செயலியின் க்யூஆர் என்றால் அட்டையைக் கழற்றிவிட்டு, கணவர் போனில் உள்ளதை அச்சடித்து ஒட்டுவதே சுலபம். வேறு 'வங்கி' என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சில வங்கிகள் வாடிக்கையாளர் எண்ணையே முடக்கிவிடும், அப்போது அதே வங்கியில் உங்கள் பெயரில் இருக்கும் நகைக்கடன், வைப்புநிதி, இன்னொரு சேமிப்புக் கணக்கு எல்லாம் சேர்ந்து நிற்கும்.

அந்தக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் தவணை ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், தவணைத் தேதிக்கு முன்பே கடன் கொடுத்த இடத்துக்குப் போய் வேறு வழியில் கட்டி ரசீது வாங்குங்கள். பணம் உள்ளே இருந்தாலும் தவணை திரும்பும், அபராதம் விழும், சிபில் மதிப்பெண்ணும் குறையும். மொத்த வியாபாரிக்குக் காசோலை கொடுத்திருந்தால் வங்கியில் போட வேண்டாம் என்று இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். மகளிர் உரிமைத் தொகை, கேஸ் மானியம், நூறு நாள் வேலைக் கூலி ஆகியவை இதே கணக்குக்கு வந்துகொண்டிருந்தால் அவையும் மாட்டிக்கொள்ளும். வேறு வங்கியில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, அங்கே ஆதார் இணைப்புப் படிவம் கொடுங்கள். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக ஆதாரை இணைத்த கணக்குக்குத்தான் போகும்.

இனி, ஏன் இப்படி ஆனது என்பது. இது புரிந்தால்தான் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரியும்.

ரொக்கத்துக்குப் பூர்வீகம் கிடையாது. ஐந்நூறு ரூபாய் நோட்டு உங்கள் கல்லாவுக்கு வருவதற்கு முன் யாரிடம் இருந்தது என்று யாரும் கேட்க முடியாது. யுபிஐ பணம் அப்படியில்லை. ஒவ்வொரு கை மாறுதலுக்கும் ஒரு 12 இலக்க எண் ஒட்டிக்கொண்டே வருகிறது. எங்கோ ஒருவர் மூன்று லட்சம் ரூபாயை மோசடிக்காரனிடம் இழக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முதலில் ஒரு வாடகைக் கணக்கில், அதாவது காசுக்காக வேறொருவர் இரவல் கொடுத்த கணக்கில், விழும். சில நிமிடங்களில் பத்து, இருபது கணக்குகளாகப் பிரியும். அவற்றிலிருந்து இன்னும் பலவாகப் பிரியும். ஏமாந்தவர் 1930 என்ற எண்ணை அழைத்தோ, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் கொடுத்ததும், முதல் கணக்கு இருக்கும் வங்கிக்குத் தகவல் போகிறது. அந்த வங்கி, பணம் எங்கே போனது என்று பார்த்து அடுத்த வங்கியின் விவரத்தைப் பதிகிறது. அது அதற்கடுத்ததைப் பதிகிறது. இப்படிப் படிப்படியாக இறங்கும் சங்கிலியில் மூன்றாவதோ ஐந்தாவதோ படியில் உங்கள் மளிகைக் கடை நிற்கிறது. அந்தப் படியில் இருப்பது திருடனா, பருப்பு விற்றவரா என்று பார்க்க அந்த நிமிடத்தில் யாருக்கும் நேரமில்லை. பணம் ஓடிவிடுவதற்குள் நிறுத்த வேண்டும் என்பதே ஏற்பாடு. ஏமாந்தவர் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமான ஏற்பாடும்கூட. அதற்குப் பிறகு பல மாதம் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் அநியாயம்.

மோசடிக்காரனுக்குக் கடைசியில் வேண்டியது சங்கிலி அறுந்து போகும் இடம். அதாவது ரொக்கம். ஏடிஎம்மில் எடுத்தால் கேமரா இருக்கிறது, நாளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் இருக்கிறது. பெட்டிக்கடையில் இரண்டும் இல்லாமல் போகலாம். ஐயாயிரத்தைக் கொடுத்த அந்த ஒரு நிமிடம் உங்கள் கணவர் அவனுக்கு ஏடிஎம்மாக இருந்திருக்கலாம். ஆனால் அதுதான் காரணம் என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். வாடகைக் கணக்கு வைத்திருப்பவன் உங்களிடம் 340 ரூபாய்க்கு எண்ணெய் வாங்கியிருந்தாலும் இதே கதிதான். எந்தப் பரிவர்த்தனை என்பதை வங்கிதான் சொல்ல வேண்டும். போலீசுக்கு நீங்களாக ஒரு கதை எழுதி அனுப்பி, கடைசியில் அது வேறு பரிவர்த்தனை என்று தெரிந்தால் தேவையில்லாத சந்தேகம் வரும்.

'எங்கள் கையில் ஒன்றும் இல்லை' என்று கிளையில் சொன்னது பாதி உண்மை. முடக்கத்தை நீக்கும் அதிகாரம் கிளை மேலாளருக்குக் கிடையாது. அது தலைமை அலுவலகத்தின் தனிப் பிரிவில் நடக்கும். ஆனால் விவரம் சொல்வதும், உங்கள் மனுவை மேலே அனுப்புவதும் கிளையின் வேலை. வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுங்கள்:

"எனது கணக்கில் இந்தத் தேதி முதல் பணம் எடுக்க இயலவில்லை. யார் கேட்டதன்பேரில் நிறுத்தப்பட்டது, எத்தனை புகார்கள், ஒவ்வொரு புகாரின் ஒப்புகை எண், காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல், சர்ச்சைக்குரிய பரிவர்த்தனையின் எண், தேதி, தொகை ஆகியவற்றை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். சர்ச்சைத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து, மீதியை நான் இயக்க அனுமதிக்கவும் வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். முத்திரை போட மறுத்தால் அதையே கிளையின் மின்னஞ்சலுக்கு அனுப்பி, ஸ்பீட் போஸ்டிலும் போடுங்கள்.

'எத்தனை புகார்கள்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஒரே வாடகைக் கணக்கில் பல பேர் ஏமாந்த பணம் கலந்திருக்கும். அதனால் ஒரே கணக்கின்மேல் இரண்டு மூன்று மாநிலங்களிலிருந்து தனித்தனி நிறுத்தம் விழுவது சகஜம். இரண்டு மாதம் அலைந்து ஒன்றை நீக்கிய பிறகு, "இன்னொன்று இருக்கிறதே" என்று வங்கி சொன்னால் மனம் விட்டுப் போகும்.

ஒப்புகை எண் கிடைத்ததும் உங்கள் வங்கி அறிக்கையில் அந்தப் பரிவர்த்தனையைத் தேடுங்கள். 12 இலக்க எண் பொருந்த வேண்டும். தொகை மட்டும் பொருந்தினால் போதாது, ஐயாயிரம் ரூபாய் வரவு இரண்டு மூன்று இருக்கலாம். பரிவர்த்தனை தெரிந்த பிறகு விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தலைப்பில் ஒப்புகை எண்ணும் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் இருக்கட்டும். ஒரே பக்கம், எளிய ஆங்கிலம். முடிந்தால் அந்த மாநில மொழியிலும் ஒரு பத்தி சேர்க்கலாம். கூடவே ஆதாரின் மறைத்த நகல், பான் அட்டை, கடையின் உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உத்யம் எனும் சிறுதொழில் பதிவுச் சான்று, பெயர்ப் பலகை தெரியும் கடைப் புகைப்படம், அந்த வரவைக் கோடிட்டுக் காட்டிய ஆறு மாத வங்கி அறிக்கை, அன்றைய பில் அல்லது கணக்கு நோட்டின் பக்கம் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி இணையுங்கள். இருபது தனித்தனிப் புகைப்படமாக அனுப்பினால் திறந்து பார்க்க மாட்டார்கள்.

அது ரொக்கம் கொடுத்த பரிவர்த்தனைதான் என்று தெரிந்தால், அதை மறைத்து 'சாமான் விற்றேன்' என்று எழுதக் கூடாது. பில் எங்கே என்பது அடுத்த கேள்வியாக வரும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: தெரியாத நபர், இந்தத் தேதி, இத்தனை மணி, இவ்வளவு ரொக்கம், கமிஷன் எதுவும் வாங்கவில்லை. கமிஷன் வாங்கியிருந்தால் கடிதம் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். கடையிலோ எதிர்க்கடையிலோ கேமரா இருந்தால், அந்த நாளின் பதிவு இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிறு கடைகளில் உள்ள பெட்டிகள் பெரும்பாலும் பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் பழையதை அழித்து அதன்மேலேயே எழுதிவிடும். பதிவு இருந்தால் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அவன் முகத்தைக் காட்டக்கூடிய ஆதாரம் உங்களிடம் இருந்தால், வழக்கில் உங்கள் இடமே மாறிவிடும்.

மின்னஞ்சல் முகவரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சில மாநிலக் காவல் நிலையங்கள் இன்னும் ஜிமெயில் வைத்திருக்கின்றன. முகவரியைப் பார்த்து அசலா போலியா என்று சொல்லிவிட முடியாது. வங்கி எழுத்தில் கொடுத்த முகவரியை மட்டும் நம்புங்கள். தொலைபேசி எண்ணை அந்த மாநிலக் காவல்துறை இணையதளத்தில் பார்த்து நீங்களே அழையுங்கள். உங்களை அழைத்தவர் கொடுத்த எண்ணை வைத்துச் சரிபார்க்காதீர்கள். பதில் வராவிட்டால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் மாநில வாரியாக ஒருங்கிணைப்பு அதிகாரி, குறைதீர் அதிகாரி பட்டியல் இருக்கிறது. பத்து நாள் பொறுத்து, பழைய மின்னஞ்சலையே அவர்களுக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

"சர்ச்சைத் தொகையைப் புகார்தாரருக்குக் கொடுத்துவிடுங்கள், கடிதம் தருகிறோம்" என்று சொல்லும் நிலையங்கள் உண்டு. ஐயாயிரத்துக்காக எண்பதாயிரத்தை நிறுத்தி வைப்பதைவிட அது மேல் என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி முடிவெடுத்தால், யாருடைய யுபிஐ எண்ணுக்கும் நேராக அனுப்பாதீர்கள். நிறுத்திவைத்த தொகையை நீதிமன்ற உத்தரவின்படி உரியவருக்கு மாற்ற எனக்கு ஆட்சேபம் இல்லை என்று வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுங்கள், குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது என்ற ஒரு வரியோடு.

சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு நிற்கிறது. காவல்துறை இப்படி நிறுத்துவது பெரும்பாலும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்கீழ். 2024 ஜூலை 1-க்கு முன் அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவாக இருந்தது. நிறுத்தியதை உடனே நடுவர் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. தெரிவித்தார்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கேளுங்கள். பல இடங்களில் அந்த ஒரு வரிதான் கோப்பை நகர்த்துகிறது. முழுக் கணக்கையும் முடக்காமல் சர்ச்சைத் தொகை அளவுக்கு மட்டும் நிறுத்தி, மீதியை இயக்க விடும்படி கேரள உயர் நீதிமன்றம் 2023-லும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் உத்தரவிட்டிருக்கின்றன. வங்கிக்கு எழுதும் இரண்டாவது கடிதத்தில் இதைக் குறிப்பிடலாம்.

வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை என்றாலோ, சொன்ன பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகப் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. ஆனால் போலீஸ் போட்ட உத்தரவை அவர் நீக்குவார் என்று எதிர்பார்க்காதீர்கள். விவரம் தர மறுப்பது, சர்ச்சைத் தொகைக்கு மேல் வங்கியே தன்னிச்சையாக முடக்குவது போன்ற வங்கியின் குறைக்குத்தான் அந்த வழி.

கடைசிப் படி நீதிமன்றம். அந்த மாநிலத்து நடுவர் நீதிமன்றத்தில் அதே சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவின்கீழ் மனுப் போடலாம். ஆண்டிபட்டியிலிருந்து போய்வரும் செலவையும் மொழிச் சிக்கலையும் பார்த்தால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடுவதே உங்களுக்குப் பக்கம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் மனுதாரர் நீங்கள்தான். தேனி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வங்கிக் கடிதங்களோடு போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். இந்த உதவி இருப்பது தெரியாமல் பல்லாயிரம் செலவழிப்பவர்கள்தான் அதிகம்.

நீதிமன்றம் வரை போகாமலே காவல் நிலையம் தடையில்லை என்று எழுதினால், அந்தக் கடிதம் அவர்களுடைய மின்னஞ்சலிலிருந்து நேராக வங்கிக்குப் போக வேண்டும். உங்கள் கையில் கொடுத்த நகலை வங்கி பெரும்பாலும் ஏற்காது. அதில் கணக்கு எண்ணும் ஒப்புகை எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் தலைமை அலுவலகப் பிரிவு திருப்பி அனுப்பிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கைது பற்றிய பயம். நீங்கள் ஒரே ஒரு பரிவர்த்தனை வந்த கடைக்காரர். தொடர்ந்து பணம் வாங்கிக் கைமாற்றியவர் இல்லை. பொதுவாக இப்படிப்பட்டவர்களிடம் விளக்கமும் ஆவணமும்தான் கேட்பார்கள். அதே சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவில் ஆவணம் கேட்டு நோட்டீஸ் வரலாம். 35-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் நேரில் வரச் சொல்லியும் வரலாம். இரண்டையும் அலட்சியம் செய்யாதீர்கள், பதில் எழுதுங்கள்; நேரில் வரச் சொன்னால் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். இந்த 35-ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது முறையாகாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் சொல்லியிருக்கிறது. வீடியோ காலில் சீருடையோடு வந்து, "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், அறையை விட்டு நகரக் கூடாது" என்று யாராவது சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிட்டு 1930-க்கு அழையுங்கள். அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லை.

இனிமேல் கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு, அதுவும் வெவ்வேறு வங்கியில். கடைக் கணக்கில் பணம் குவியவிடாதீர்கள். தினமும் வீட்டுக் கணக்குக்கு மாற்றினால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த மாற்றமும் சங்கிலியில் இன்னொரு படிதான், வீட்டுக் கணக்கும் சேர்ந்து நிற்கக்கூடும். கொள்முதலுக்குத் தேவையான அளவுக்கு மேல் சேருவதை ரொக்கமாக எடுத்து வைப்பது மேல். இரண்டாயிரத்துக்கு மேல் வரும் ஒவ்வொரு யுபிஐ வரவுக்கும் கணக்கு நோட்டில் என்ன சாமான், அறிவிப்பில் வந்த பெயர், பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். ஒரே ஆள் வாங்கும் சாமானுக்கு மூன்று வேறு பெயர்களிலிருந்து பணம் வந்தால், அல்லது க்யூஆரைப் படம் எடுத்து வெளியூரில் யாருக்கோ அனுப்பி அங்கிருந்து பணம் வந்தால், சாமானை எடுத்து வைக்க வேண்டாம். "தெரியாமல் அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பிப் போடுங்கள்" என்று கேட்பவரிடம், அவருடைய வங்கி வழியாகக் கேட்கச் சொல்லுங்கள். வேறு எண்ணுக்குத் திருப்பிப் போட்டால் அந்தப் பணத்தை நீங்களே கைமாற்றிவிட்டதாகப் பதிவாகும்.

ஊரில் கல்லூரிப் பிள்ளைகளிடம் "கணக்குத் தொடங்கி ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன வாடகைக் கணக்கு பிறப்பது அங்கேதான். உங்கள் கடைக்கு வரும் பிள்ளைகளின் அம்மாக்களிடம் இதைச் சொல்லிவையுங்கள். உங்களுக்கு வந்தது ஒரு நிறுத்தம். அந்தப் பிள்ளைகளுக்கு வருவது குற்ற வழக்கு.

க்யூஆருக்குப் பக்கத்தில் ஒரு அட்டையில் 'ஜிபே செய்தால் ரொக்கம் தரப்படாது' என்று எழுதி ஒட்டுங்கள். தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள்தான். பக்கத்துத் தெருப் பாட்டிக்கு உண்மையிலேயே ஏடிஎம் எட்டவில்லை என்றால், தபால்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஆதார் இணைந்த கணக்காக இருந்தால், கைரேகைக் கருவியோடு வீட்டுக்கே வந்து பணம் எடுத்துக் கொடுப்பார்.